ஊருக்குக் கிளம்பும் நாளில் பைகுல்லா மியூசியம்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களுக்குக் கடைசி நாள் ஒரே மாதிரிதான் கழியும். காலையில் பெட்டி கட்டுவது, மதியம் தாதரில் அவசரமாகத் துணி எடுப்பது, ராத்திரி ரயில். போன வருடம் திருநெல்வேலியிலிருந்து அத்தை வந்தபோது அதை மாற்றினேன். பைகுல்லாவில் இருக்கிற டாக்டர் பாவு தாஜி லாட் மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்து முடிக்கலாம் என்பதால் கிளம்பும் நாளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை விடுமுறை, அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சிஎஸ்எம்டியில் (பழைய விக்டோரியா டெர்மினஸ்) ரயில் ஏறுவதாக இருந்தால் அங்கே கிளோக் ரூமில் வைக்கலாம், ஆனால் பூட்டுப் போட்ட பெட்டியைத்தான் வாங்குவார்கள். மாட்டுங்காவிலிருந்து ஸ்லோ வண்டியில் ஐந்தாவது ஸ்டேஷன் பைகுல்லா. கிழக்குப் பக்கம் இறங்கி, மியூசியத்தை ஒட்டிய தோட்டமான ராணி பாக் எங்கே என்று கேளுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு டாக்ஸிதான், அந்தப் பக்கம் ஆட்டோ ஓடாது. ராணி பாக்கில் மிருகக்காட்சிசாலையும் இருக்கிறது. குழந்தைகளிடம் பெங்குவின் பற்றி முதலிலேயே சொல்லிவிடாதீர்கள், அப்புறம் மியூசியத்துக்குள் கால் வைக்க மாட்டார்கள்.

1872இல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் என்று திறந்த கட்டடம் இது. 1975இல்தான் டாக்டர் பாவு தாஜியின் பெயரை வைத்தார்கள். அவர் வைத்தியர், பழைய கல்வெட்டுகளைப் படித்த அறிஞரும்கூட. உள்ளே நுழைந்ததும் பொருட்களைத் தேடி ஓடாமல் ஒரு நிமிடம் நின்று அண்ணாந்து பாருங்கள். வார்ப்பிரும்புத் தூண்கள், பச்சையும் தங்கமுமான வேலைப்பாடு, காலடியில் பூப்போட்ட இங்கிலாந்து மின்டன் ஓடுகள். சிதைந்து கிடந்ததைப் பல வருடம் வேலை செய்து மீட்டு, 2008இல் மறுபடி திறந்தார்கள். அந்தப் பழுதுபார்ப்புக்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது.

கீழே தந்தம், கொம்பு, உலோகம், மண்பாண்டம் என்று கைவேலைகள். எல்லாக் கண்ணாடிப் பெட்டியையும் பார்க்க வேண்டாம். ஏதாவது இரண்டைத் தேர்ந்தெடுத்து, அதைச் செய்தவரின் கை எங்கே திரும்பியிருக்கும், எங்கே நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நேரத்தை மாடிக்கு மிச்சம் வையுங்கள்.

மாடியில்தான் களிமண் பொம்மைகள். அந்தக் கால பம்பாயில் வாழ்ந்த பல சமூகத்தாரும் தொழில் செய்தவர்களும் சின்னச் சின்ன உருவங்களாக இருக்கிறார்கள். அத்தை கண்ணாடியில் நெற்றி இடிக்கிற அளவுக்குக் குனிந்து, "ஏட்டி, நம்ம கொலுச் செட்டியார் மாதிரில்லா இருக்கு!" என்றார். அப்புறம் நகரவே இல்லை. ஐம்பது வருடம் கொலு வைத்தவர் அவர். தலைப்பாகையை முதலில் பார், அப்புறம் உட்காரும் விதம், அப்புறம் விரல் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு சமூகத்துக்கும் தலைப்பாகை கட்டு வேறு. எத்தனையோ தடவை போன நான் அன்றுதான் அதைக் கவனித்தேன். உங்கள் கூட்டத்திலும் கொலு வைக்கிற ஒருவர் இருப்பார், அவரை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போங்கள்.

வெளியே தோட்டத்தில் ஒரு கல் யானை நிற்கிறது. மும்பைக்குப் பக்கத்துக் கடலில் இருக்கும் எலிஃபெண்டாத் தீவுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த யானை இதுதான். 1864இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது விழுந்து உடைந்தது, பிறகு துண்டுகளைச் சேர்த்து நிறுத்தினார்கள். அதனால் தீவுக்குப் படகில் போவதைப் பயணத்தின் முதல் நாட்களில் முடித்துவிட்டு, யானையைக் கடைசி நாளில் பாருங்கள். அத்தை அதன் ஒட்டுக்களைத் தேடித் தேடிப் பார்த்தார்.

நாலு மணிக்குள் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். ஐந்தரைக்கு மேல் தாதர் பக்கம் போகும் வண்டியில் வயதானவர்களை ஏற்றுவது கஷ்டம்.