பழைய ஜாஸ் வாசிக்க வருகிற பிள்ளைகள் செய்யும் தவறுகள்

நியூ ஆர்லின்ஸில் ட்ரெமே என்ற பகுதியில், ஒரு சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில், சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி வாசிப்போம். நான் கிளாரினெட். வாத்தியத்தோடு யார் வந்தாலும் இரண்டு பாட்டுக்கு உட்காரச் சொல்வோம். கொஞ்ச காலமாக இளைஞர்கள் நிறையவே வருகிறார்கள். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஹூஸ்டனிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிக்கொண்டு தமிழ்ப் பிள்ளைகள் வருகிறார்கள். சென்னையில் சர்ச் பேண்டில் சாக்சஃபோன் பழகிவிட்டு மேல்படிப்புக்கு வந்தவர்களும் உண்டு. அவர்களைப் பார்க்கிறபோது மனசு நிறைந்துவிடுகிறது. ஆனால் நான் செய்த அதே தவறுகளை, அதே வரிசையில், அவர்களும் செய்கிறார்கள்.

சுருதி சேர்க்காமல் உட்காருவது, மாற்று ரீட் இல்லாமல் வருவது, நேரத்துக்கு வராதது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் அவையெல்லாம் தானாகத் திருந்திவிடும்.

ட்ரம்பெட்காரரின் இடத்தில் போய் நிற்பது

இந்த இசையில் முன்வரிசைக்கு மூன்று பேர். ட்ரம்பெட் மெட்டைச் சொல்லும். கிளாரினெட் அதைச் சுற்றிப் பின்னிக்கொண்டு போகும். ட்ராம்போன் கீழே இருந்து சறுக்கிச் சறுக்கி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய் விடும். மூன்று பேரும் ஒரே நேரத்தில், எழுதி வைத்துக்கொள்ளாமல் வாசிக்கிறார்கள். புதிதாக வருகிற கிளாரினெட்காரர்களும் சாக்சஃபோன்காரர்களும் நேராக ட்ரம்பெட் இருக்கிற ஸ்தாயியிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது.

1923இல் கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் பதிவு செய்த ரெக்கார்டுகளை எடுத்து, ஜானி டாட்ஸின் கிளாரினெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். அங்கே கார்னெட்டே (ட்ரம்பெட் மாதிரியான சின்ன வாத்தியம்) இரண்டு. ஒன்று ஆலிவர், இன்னொன்று இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங். அவ்வளவு நெரிசலிலும் டாட்ஸுக்கு இடம் கிடைக்கிறது. ட்ரம்பெட் ஒரு ஸ்வரத்தில் நிற்கும்போது நீங்கள் நகருங்கள். அது நகரும்போது நீங்கள் நில்லுங்கள். ஒரு மாதம் இதை மட்டும் செய்து பாருங்கள்.

நீளமான சோலோ

ஒரு கோரஸ் போதும், அதாவது பாட்டின் மெட்டு முழுதாக ஒரு சுற்று.

“தெரியும்” என்று சொல்லிவிடுவது

மற்றதற்கெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. இதற்கு இன்றும் வருகிறது. நான் இந்தத் தவறைச் செய்தபோது அதற்கான விலையைக் கொடுத்தது வேறொரு குடும்பம்.

இந்த ஊருக்கு வேலைக்கு வந்து எனக்கு அப்போது மூன்றாவது வருடம். விரல் நன்றாக ஓடும். ஸ்கேல்கள் சுத்தமாக இருக்கும். கைபேசியில் ஒரு செயலி வைத்திருந்தேன். பாட்டின் பெயரைத் தட்டினால் கட்டம் கட்டமாக அந்தப் பாட்டின் கார்டுகள் (chords, மெட்டுக்கு அடியில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) வந்துவிடும். அவற்றில் உள்ள ஸ்வரங்களை மேலும் கீழுமாக வாசித்துக்கொண்டே போனால் எந்தப் பாட்டையும் சமாளித்துவிடலாம். சமாளித்துக்கொண்டும் இருந்தேன். கைதட்டலும் கிடைத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒரு பிராஸ் பேண்ட் (தெருவில் நடந்துகொண்டே வாசிக்கிற ஊதுவாத்தியக் குழு) தலைவர் போன் செய்தார். எழுபது வயதைத் தாண்டிய ட்ரம்பெட்காரர். மறுநாள் காலை ஒரு இறுதி ஊர்வலம், அவருடைய கிளாரினெட்காரருக்குக் காய்ச்சல். ‘க்ளோசர் வாக்’ தெரியுமா என்று கேட்டார். இந்த ஊர் ஊர்வலங்களில் அந்தத் துதிப்பாட்டு இல்லாமல் இருக்காது. தெரியும் என்றேன்.

நம்மூர்ச் சாவு மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஊர்வலம் உடனே புரிந்துவிடும். சர்ச்சிலிருந்து பெட்டி வெளியே வரும்போது பேண்ட் மெதுவான துதிப்பாட்டை எடுக்கும். ஸ்னேர் டிரம்காரர் அடிப்பக்கத் தோலுக்கும் அதன் மேல் ஓடுகிற கம்பிகளுக்கும் நடுவே ஒரு கைக்குட்டையைச் செருகியிருப்பார். டிரம் சலசலக்காமல் பொத்தினாற்போல் ஒலிக்கும். ஒரு அடி வைத்து, நின்று, இன்னொரு அடி வைத்து நடப்பார்கள். உடலுக்கு விடைகொடுத்த பிறகு அந்தக் கைக்குட்டையை உருவுவார். டிரம் சுரீரென்று ஒலிக்கும். அப்புறம்தான் குடைகளும் ஆட்டமும்.

அன்று கைக்குட்டை டிரம்முக்குள் இருந்த நேரம். இரண்டாவது கோரஸ் நடுவில் ட்ரம்பெட் நின்றுபோனது. இறந்தவர் தலைவரின் பால்ய நண்பர் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அவருக்கு உதடு நடுங்கி ஊத முடியவில்லை. வாத்தியத்தை இறக்கி, என்னைப் பார்த்து ஒரு விரலை நீட்டினார். மெட்டை நீ எடு என்று அர்த்தம்.

என்னிடம் மெட்டு இல்லை. எந்தக் கார்டுக்குப் பிறகு எந்தக் கார்டு வரும் என்பது தெரியும். மெட்டின் முதல் வரி எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறது என்பது தெரியாது. மேலும் கீழும் எதையோ ஊதினேன். பெட்டிக்குப் பின்னால் இறந்தவரின் மனைவியும் அவருடைய சகோதரிகளும் பாடிக்கொண்டு வந்தார்கள். பிடித்துக்கொள்ள மெட்டு இல்லாமல் முதலில் ஒருவர் குரல் நின்றது, அப்புறம் இன்னொருவர். கடைசியில் அந்த அம்மா மட்டும் இரண்டு சொல் பாடி நிறுத்தினார். ட்ராம்போன்காரர் விஷயம் புரிந்து மெட்டைக் கையில் எடுப்பதற்குள் அரை நிமிடம் போய்விட்டது. டியூபாவும் டிரம்மும் மட்டும் தனியாக நடந்த அரை நிமிடம்.

யாரும் திட்டவில்லை. எல்லாம் முடிந்த பிறகு தலைவர் என் கூலியைக் கையில் கொடுத்து, “அந்தப் பாட்டுக்கு வார்த்தைகள் உண்டு, தெரியுமா?” என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடம் அவரிடமிருந்து போன் வரவில்லை. அவர் செய்தது சரி.

மூன்று வாரத்துக்கு முன்னால் சனிக்கிழமை, சென்னையிலிருந்து படிக்க வந்திருக்கும் ஒரு பையன், இருபது வயது இருக்கும், சாக்சஃபோனோடு வந்தான். “அண்ணா, அடுத்த பாட்டு எனக்குத் தெரியும், நானும் உட்காரட்டுமா?” என்றான். உட்கார்ந்ததும் ஸ்டாண்டில் ஐபேடை வைத்து அதே கட்டங்களைத் திறந்தான். கெட்டிக்காரப் பையன், நல்ல நாதம். ஆனால் ஒரு தடவைகூட அவன் வாத்தியத்திலிருந்து அந்தப் பாட்டு வரவில்லை. ட்ரம்பெட்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அவன் கண் திரையை விட்டு எழவே இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நம்மில் யாராவது கிருதி பாடமாகாத மாணவரைக் கல்பனாஸ்வரம் பாட விடுவோமா? ஜாஸ் என்றால் மட்டும் மனோதர்மமே முதல் பாடம் என்று எப்படியோ நினைத்துவிடுகிறோம். அங்கேதான் எல்லாம் கெடுகிறது. எழுதாமல் வாசிப்பதால் பாட்டே தேவையில்லை என்று ஆகிவிடாது. மூன்று பேர் ஒரே நேரத்தில் கற்பனை செய்யும்போது மூவர் மனதிலும் ஒரே மெட்டு ஓடினால்தான் அது சேர்ந்து நிற்கும்.

சரி, ஒரு பாட்டு தெரியும் என்று எப்போது சொல்லலாம்? நான் எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு இது. முதலில் வார்த்தைகளோடு வாயால் பாட வேண்டும். குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மூச்சு எங்கே விடுவது, எந்தச் சொல்லில் அழுத்துவது என்பதை வார்த்தைதான் சொல்லித்தரும். அப்புறம் காதால் கேட்டு வாத்தியத்தில் தேட வேண்டும், தாளைப் பார்க்கக் கூடாது. எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட் என்ற மூன்று சுருதிகளிலும் வர வேண்டும், ஏனென்றால் பாட வருகிறவர் தன் குரலுக்கு ஏற்ற சுருதியைக் கேட்பார். பாட்டின் நடுவில் எந்த வரியிலிருந்து எடுக்கச் சொன்னாலும் எடுக்க வேண்டும். கடைசியாக, வீட்டில் யாரையாவது கூடப் பாடச் சொல்லி வாசியுங்கள். அவர்கள் தடுமாறாமல் பாடினால் உங்களுக்கு அந்தப் பாட்டு தெரியும். எனக்கு ஒரு பாட்டுக்கு இரண்டு வாரம் ஆகிறது. ‘க்ளோசர் வாக்’ மட்டும் இரண்டு மாதம் எடுத்தது. அந்த அம்மாவின் குரல் நின்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கும் மூச்சு நின்றுவிடும்.

காதால் கற்பது இந்த ஊரில் பழைய வழக்கம். ‘ஹை சொசைட்டி’ என்ற மார்ச்சுக்கு பிக்கலோ என்ற சின்னப் புல்லாங்குழலுக்கென்று எழுதப்பட்டிருந்த ஒரு பகுதியை அல்ஃபோன்ஸ் பிக்கூ கிளாரினெட்டில் வாசித்துப் புகழ்பெற்றார். அதற்குப் பிறகு அதை வாசிக்கத் தெரியாதவரை இங்கே கிளாரினெட்காரர் என்றே மதிக்க மாட்டார்கள் என்ற நிலை வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் கேட்டே பிடித்திருக்கிறார்கள்.

தெரியாத பாட்டு வந்தால் “இதைக் கேட்டுக்கொள்கிறேன்” என்று சொல்லுங்கள். யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். எங்கள் ஹாலில் பின்வரிசை நாற்காலிகள் அதற்காகவே போட்டிருக்கின்றன.

ரெக்கார்டில் கேட்பதுதான் முழுசு என்று நம்புவது

இது முக்கியமாக டிரம் வாசிக்கிறவர்களுக்கு. போன வருடம் ஒரு பெண் வந்தாள். 1920களின் ரெக்கார்டுகளைக் கரைத்துக் குடித்தவள். மாலை முழுவதும் மரக்கட்டையிலேயே டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தாள். ஆட எழுந்தவர்கள் இரண்டாவது பாட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அவள் மேல் தப்பில்லை. கிங் ஆலிவரின் அந்த 1923 ரெக்கார்டுகளுக்கு மைக் கிடையாது. எல்லோரும் ஒரு பெரிய கூம்பின் முன்னால் நின்று ஊதுவார்கள். அந்த அதிர்வில் ஊசி மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். பெரிய டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும். அதனால் ஆலிவரின் டிரம்காரர் பேபி டாட்ஸ் போன்ற மகா கலைஞர்களே மரக்கட்டையைத் தட்டிவிட்டு வந்தார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கும் என்பதால் பாட்டுகளையும் சுருக்கினார்கள். ஆடுகிற கூட்டத்துக்கு முன்னால் அவர்கள் இரவில் வாசித்தது இதைவிடப் பெரிசு.

அந்தப் பெண்ணிடம் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்குப் போகச் சொன்னேன். கோடை நீங்கலாக அநேகமாக எல்லா ஞாயிறும் இங்கே ஏதாவது ஒரு சங்கத்தின் ஊர்வலம் இருக்கும், நாலு மணி நேரம் நடக்கும். பெரிய டிரம்காரரின் பக்கத்திலேயே நடந்து போ, வாசிக்காதே, நட என்றேன். கிளெய்போர்ன் அவென்யூ மேம்பாலத்துக்கு அடியில் பேண்ட் நுழையும்போது சத்தம் மேலே மோதித் திரும்பி விழும். அந்த இடத்தில் பெரிய டிரம் நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்கும். நாலு ஞாயிறு நடந்துவிட்டு வந்தாள். கால் கற்றுக்கொண்டது கைக்கு வந்திருந்தது.

காசு

வாசிப்பதற்கு முன்னால் பேசிவிடுங்கள்.

பெரியவர்கள் செய்யும் தவறு

இந்தத் தலைப்பு எங்களுக்காக. இளைஞர்கள் வருவதே இல்லை என்று புலம்புகிற பேண்டுகளை எனக்குத் தெரியும். வந்த பிள்ளைக்குப் பதினோரு மணிக்கு, கூட்டம் கலைந்த பிறகு, ஒரே ஒரு பாட்டு கொடுப்பார்கள். அவன் தடுமாறினால் எல்லோர் முன்னிலும் முகம் சுளிப்பார்கள். அவன் திரும்ப வராவிட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று ஆரம்பிப்பார்கள்.

டேனி பார்க்கர் எப்படிச் செய்தார் என்று இந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பிரபல ஜாஸ் பாடகர் கேப் கேலோவேயின் பேண்டில் கிடார் வாசித்தவர், 1965இல் நியூயார்க்கிலிருந்து சொந்த ஊருக்குத் திரும்பினார். பிராஸ் பேண்டுகளில் நரைத்த தலைகளே மிச்சம் இருந்த காலம். 1970 வாக்கில் ஃபேர்வியூ பாப்டிஸ்ட் சர்ச்சின் போதகர் கேட்டுக்கொண்டதால் பிள்ளைகளை வைத்து ஒரு பேண்ட் தொடங்கினார். அக்கம்பக்கத்தில் ட்ரம்பெட் பழகிக்கொண்டிருந்த லெராய் ஜோன்ஸ் என்ற சின்னப் பையனிடம் முன்வரிசையைக் கொடுத்தார். ஒத்திகை அந்தப் பையன் வீட்டு கார் ஷெட்டில். பிள்ளைகளைத் தெருவுக்கு, ஊர்வலத்துக்கு, கூட்டத்துக்கு நடுவில் கூட்டிக்கொண்டு போனார். வயது குறைந்த பிள்ளைகளைப் பயன்படுத்துகிறார் என்று இசைக் கலைஞர்கள் சங்கத்திலிருந்து குற்றச்சாட்டு எழுந்தபோது அவர் விலகிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குள் பிள்ளைகள் சொந்தக் காலில் நின்றுவிட்டார்கள். லெராய் ஜோன்ஸ் தலைமையில் அது ஹரிகேன் பிராஸ் பேண்டாக ஆனது. ட்ரம்பெட் விண்டன் மார்சாலிஸ், கிளாரினெட் மைக்கேல் ஒயிட், டிரம் ஹெர்லின் ரைலி எல்லோரும் ஃபேர்வியூவில் வாசித்தவர்கள்தான்.

பிள்ளைகளுக்கு எட்டு மணிக்கே பாட்டு கொடுங்கள், ஹால் நிறைந்திருக்கும்போது. எந்தப் பாட்டு, எந்தச் சுருதி என்று ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள். பெரியவருக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவே பிள்ளைக்கும் கொடுங்கள். தவறைச் சொல்வதென்றால் வாசலுக்கு வெளியே, தனியாகச் சொல்லுங்கள். சொல்லாமலும் விட்டுவிடாதீர்கள்.

நான் மூன்று வாரத்துக்கு முன்னால் அதைத்தான் செய்யத் தவறினேன். அந்தச் சென்னைப் பையன் பாட்டு முடிந்ததும் ஐபேடை மடித்து, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். எனக்கு எரிச்சலாக இருந்ததால் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவன் வரவில்லை. நேற்று அவன் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அந்த இறுதி ஊர்வலத்தைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அண்ணா, அதுக்கு வார்த்தை அனுப்புறீங்களா?” என்றான். அனுப்பிவிட்டேன். இந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கே வருகிறான். ஹாலில் அப்போது யாரும் இருக்க மாட்டார்கள். வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து எடுக்காமல், இரண்டு பேரும் முதலில் பாடப் போகிறோம்.