சேலத்திலிருந்து கடலோரக் காட்டுக்கு: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கான செய்முறை

ஏற்காட்டுக்குக் கிளம்ப வானத்தைப் பார்த்தால் போதும். மழையில்லை, மூடுபனியில்லை என்றால் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சேர்வராயன் கோயில் வரை போய்விட்டு இறங்கலாம். பிச்சாவரத்துக்கோ கோடியக்கரைக்கோ அதே கணக்கில் போனால் பாதி நாள் வீண். அங்கே எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க முடியாது என்று முடிவு செய்வது கடலின் ஏற்றமும் வற்றமும்தான்.

படி 1: இடமும் மாதமும்

முதல் பயணத்துக்குப் பிச்சாவரம் போதும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள அலையாத்திக் காடு. ஆத்தூர், விருத்தாசலம், சிதம்பரம் வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர். கோடியக்கரை சுமார் 300 கிலோமீட்டர். திருச்சி, தஞ்சாவூர், வேதாரண்யம் வழி. இரண்டையும் ஒரே நாளில் முடிக்கத் திட்டம் போடாதீர்கள், ரோட்டை மட்டும்தான் பார்ப்பீர்கள்.

வலசைப் பறவைகள் கோடியக்கரையில் இருப்பது அக்டோபர் முதல் மார்ச் வரை. ஆனால் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. புயல் வந்தால் படகும் ஓடாது. ஜனவரி, பிப்ரவரிதான் தோதான மாதங்கள்.

படி 2: தண்ணீர்க் கணக்கு

இதில் மட்டும் நேரம் செலவழியுங்கள். மற்றதெல்லாம் சுலபம்.

நம் கடற்கரையில் ஒரு நாளைக்குப் பொதுவாக இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடைவெளி ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். காலை 6 மணிக்கு ஏற்றம் என்றால் 12.10-க்குப் பக்கத்தில் வற்றம், மாலை 6.25 வாக்கில் மறுபடி ஏற்றம். மறுநாள் அதே காலை ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி, 6.50-க்கு வரும். ஒரு வாரத்தில் கணக்கு கிட்டத்தட்டத் தலைகீழ். அதனால்தான் "போன ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரர் பத்து மணிக்குப் போனார், நல்லா இருந்ததாம்" என்ற தகவல் இந்த ஞாயிற்றுக்கு உதவாது.

எவ்வளவு ஏறும் என்பதை வீட்டில் தொங்கும் நாள்காட்டியே சொல்லும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகம். அஷ்டமியை ஒட்டிக் குறைவு. சரியான மணிக்கு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS, இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம்) நிறுவனத்தின் இணையதளத்தில் ஓத முன்னறிவிப்பை, அதாவது ஏற்ற வற்ற நேரங்களை, பாருங்கள். பிச்சாவரத்துக்குக் கடலூர், கோடியக்கரைக்கு நாகப்பட்டினம் என்று பக்கத்து ஊரின் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். கடற்கரையில் ஏறும் தண்ணீர் உள்வாய்க்காலை எட்டச் சற்றுத் தாமதமாகும். பெருமழைக்குப் பிறகு ஆற்றுநீரும் சேர்ந்துகொள்வதால் அந்தச் சமயத்தில் பட்டியலை முழுதாக நம்பாதீர்கள்.

படி 3: பை

ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீர், தொப்பி, பின்வார் உள்ள செருப்பு. ரப்பர் செருப்பு சேற்றிலேயே தங்கிவிடும். பைனாகுலர் வாங்குவதானால் 8 மடங்கு போதும். 12 மடங்கில் கையின் நடுக்கமும் பெரிதாகித் தெரியும், ஆடும் படகில் ஒன்றுமே நிலைக்காது.

படி 4: பிச்சாவரத்தில்

முந்தைய இரவே சிதம்பரத்தில் தங்கிவிடுங்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகுத்துறையில் துடுப்புப் படகு, மோட்டார் படகு இரண்டும் உண்டு. துடுப்புப் படகே மேல்: குறுகிய வாய்க்காலுக்குள் நுழையும், சத்தமில்லாததால் பறவையும் பறக்காது. உள்வாய்க்கால்களுக்குப் போக, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் கிளம்புங்கள். வற்றும்போது போனால் திரும்பும் வழியில் அடி தட்டும். வேர், நண்டு, சேற்றில் துள்ளும் சிறு மீன்களைப் பார்க்க மட்டும் வற்றம் நல்லது.

வில்லாக வளைந்து தண்ணீருக்குள் இறங்கும் வேர்கள் சுரபுன்னையுடையவை. சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல் நிற்பவை வெண்கண்டலின் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் அவற்றின் வழியாகத்தான் சுவாசிக்கிறது, மிதித்து ஒடிக்காதீர்கள். கிளை எதையும் கிள்ளவும் வேண்டாம். தில்லை மரமும் இங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல், பார்வையே தற்காலிகமாகப் போகலாம். பட்டுவிட்டால் நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

படி 5: கோடியக்கரையில்

வனத்துறையிடம் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு விடியற்காலையில் உள்ளே போங்கள். வெளிமான்கள் புல்வெளியில் மேயும் நேரம் அது. பத்து மணிக்கு மேல் கானல் எழுந்து தூரத்துப் பூநாரைகள் வெள்ளைத் தீற்றலாகத்தான் தெரியும். கரைப்பறவைகளுக்கு, தண்ணீர் வற்றத் தொடங்கியபின் வரும் நேரம் நல்லது: சேறு வெளிப்பட்டதும் இரை தேட இறங்கும். ஏற்றத்தில் அவை எங்கோ மேட்டில் கூட்டமாக ஒதுங்கி நிற்கும்.

இங்கே உயரமான இடம் ராமர் பாதம். சுமார் நான்கு மீட்டர். சேர்வராயனை ஏறியவர்களுக்குச் சிரிப்பு வரலாம், ஆனால் சுற்றுவட்டாரத்தைப் பார்க்க அந்த மேடே போதும்.

அடிக்கடி நடக்கும் தவறு, காரைப் பாதையை விட்டு இறக்குவது. உப்புப் படிந்து காய்ந்த தரை கெட்டியாகத் தெரியும். மேல் ஏடு மட்டும்தான் கெட்டி, அடியில் களிமண் குழம்பு. டயர் சுழலச் சுழல இன்னும் இறங்கும். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு உதவி தேடுங்கள்.

சேலம் திரும்பிய மறுநாளே வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். உப்புச்சேறு ஒட்டியிருந்தால் சைலன்சரும் போல்ட்டுகளும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.