கொல்லிமலையில் ஓடையைப் பிடித்து இறங்காதீர்கள்

நல்ல ஷூ போடுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. கொல்லிமலை, சேர்வராயன், கல்வராயன் என்று நம் பக்கத்து மலைகளில் நில அமைப்பைப் பார்க்க வரும் புதியவர்கள், ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை வருடா வருடம் செய்கிறார்கள். அதைப் பற்றி மட்டும். கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் அவர்கள் நம்பி வரும் ஒரு தப்பான எண்ணம்.

முகட்டிலேயே நடந்து அடுத்த மலைக்குப் போய்விடலாம்

முடியாது. கல்வராயனுக்கும் கொல்லிமலைக்கும் நடுவே ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. இறங்கித்தான் ஏற வேண்டும்.

வழி தப்பினால் ஓடையோடு இறங்கு

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். எந்த வீடியோவில் பார்க்கிறார்களோ தெரியவில்லை, எல்லோரும் இதையே ஒப்பிக்கிறார்கள்.

கொல்லிமலை கூம்பு இல்லை, மேசை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சோளக்காடு வந்துவிட்டால் பெரிய ஏற்றம் முடிந்தது. அப்புறம் செம்மேடு பக்கமெல்லாம் நெல் வயல், பலா, மிளகுக் கொடி, சின்னச் சின்ன மேடு பள்ளம். மேல்பரப்பு பெரும்பாலும் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும். செங்குத்தெல்லாம் விளிம்பில்தான். உச்சிகளில் பாக்சைட் (அலுமினியத் தாது) கிடைப்பதே இதற்குச் சாட்சி: நிலம் ஓரளவு சமமாகக் கிடந்து, மழைநீர் நெடுங்காலம் ஊறி இறங்கினால்தான் பாக்சைட் படியும்.

அதனால் மேலே ஓடை சாதுவாகத்தான் போகும். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் ஐயாற்றைப் பாருங்கள், பக்தர்கள் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருப்பார்கள். அதே ஆறு கொஞ்சம் தள்ளி ஆகாய கங்கையாகப் பாறையிலிருந்து கொட்டுகிறது.

வரைபடமும் காப்பாற்றாது. 1:50,000 அளவு டோப்போ ஷீட்டில், அதாவது நில அமைப்பு வரைபடத்தில், 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு சமஉயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு). 15 மீட்டர் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். அது ஐந்து மாடி உயரம். 30 மீட்டர் கட்டங்களாக எடுத்த செயற்கைக்கோள் உயரத் தரவிலும் செங்குத்துப் பாறை வெறும் சரிவாகத்தான் தெரியும்.

ஒரு கல்லூரிக் குழு இப்படித்தான் மாலையில், "கீழ ஊர் தெரியுது சார், ஒரு மணி நேரத்துல இறங்கிடுவோம்" என்று போனில் சொல்லிவிட்டு ஓடையில் இறங்கியது. வழுக்குப் பாறையில் உட்கார்ந்து சறுக்கி இறங்கியவர்களுக்கு அடுத்த பாறையில் இறங்கவும் வழியில்லை, வந்த பாறையில் திரும்ப ஏறவும் பிடியில்லை. இரவெல்லாம் அங்கேயே. விடிந்த பிறகு மலைமேல் ஊர்க்காரர்கள் கயிறு கொண்டு வந்து தூக்கினார்கள். ஒரு பையனுக்குக் கணுக்கால் போச்சு. கடைசிவரை கீழே ஊர் தெரிந்துகொண்டேதான் இருந்தது!

விளிம்பு நெருங்குவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். எதிரே மரங்களின் அடி தெரியாமல் உச்சி மட்டும் கண் மட்டத்தில் தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். கீழிருந்து முகத்தில் காற்று அடித்தாலும் அப்படியே.

சரி, எங்கே போவது? மேலே. இந்த மலைகளில் ஊரும் வயலும் ரோடும் மேல்பரப்பில் இருக்கின்றன. காடும் பாறையும் சரிவில். வந்த தடத்திலேயே திரும்பி ஏறினால் ஏதாவது ஒரு வயல் வரப்பு காலில் தட்டும்.

சேலத்தில் வெள்ளையாகத் தெரிவது சுண்ணாம்புக்கல்

இல்லை. மாக்னசைட், மெக்னீசியம் கலந்த வேறொரு கனிமம்.

ஐப்பசிக்கு முன்னால் மழை இருக்காது

சமவெளிக் கணக்கை மலைக்குக் கொண்டு வராதீர்கள். ஏற்காட்டுக்குத் தென்மேற்குப் பருவமும் மழை தரும், வடகிழக்கும் தரும். சித்திரை, வைகாசியில் காலையில் பளிச்சென்று இருக்கும் வானம் மூன்று மணிக்கு இடியோடு கொட்டிவிடும். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு தூறல்கூட விழாமல், மேலே பெய்த மழையில் ஓடை நிரம்பி வரலாம். தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் பையைக்கூடப் பார்க்காமல் கரையேறுங்கள்.