அடுத்த பெருந்தொற்றுக்குப் பள்ளிகளைத் தயார்படுத்தும்போது செய்யக்கூடாத தவறுகள்

தமிழ்நாட்டில் கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மறுபடி வகுப்பு தொடங்கியது 2021 நவம்பர் 1 அன்று. கிட்டத்தட்ட 19 மாதம். 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்த பிள்ளை, முதன்முதலாகப் பெஞ்சில் உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பு. இதனால்தான் மூடுவதற்கு மட்டும் திட்டம் போட்டு, திறப்பதற்குப் போடாமல் விடுவதை நான் முதல் தவறாகச் சொல்வேன்.

மூடச் சொல்லி ஒரே நாளில் உத்தரவு வந்துவிடும். திறப்பதுதான் கஷ்டம். பொதுத்தேர்வு இருப்பதால் 10, 12-ஆம் வகுப்புகள் முதலில் வந்தன. எழுத்துக் கூட்டப் பழகவேண்டிய சின்னப் பிள்ளைகள் கடைசியில் வந்தார்கள். வட்டாரத்தில் தொற்று எந்த அளவுக்கு இறங்கினால் எந்த வகுப்பைத் திறப்பது, பாதிப் பாதியாக வரவழைப்பதா என்பதையெல்லாம் நோய் இல்லாத காலத்திலேயே சுகாதாரத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து எழுதி வைக்கவேண்டும். விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் 2021 அக்டோபரில் வந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் அந்தத் தன்னார்வலர்களை முன்பே அடையாளம் கண்டு வைத்திருந்தால் எத்தனை மாதம் மிச்சமாகியிருக்கும்!

அடுத்தது சத்துணவை மறப்பது. பள்ளி பூட்டியிருந்த காலத்தில் அரிசி, பருப்பு, முட்டை என்று உலர் பொருளாகக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போகும் அரிசி வீட்டில் எல்லோருக்குமான சோறாகிவிடும். பிள்ளையின் தட்டுக்கு எவ்வளவு வரும் என்று சொல்லமுடியாது. அந்தக் கணக்கையும் பார்த்து அளவு வைக்கவேண்டும். எந்த வகுப்புக்கு எந்த நாள், யார் கொடுப்பது, கூட்டம் சேராமல் எப்படி என்பதைச் சத்துணவு அமைப்பாளரைக் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது.

நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். காய்ச்சலோடு பிள்ளையைப் பள்ளிக்கு வரவைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. உண்மையில் வருகைப் பதிவேடு ஒரு நல்ல எச்சரிக்கை மணி. ஒரே வகுப்பில் ஒரே வாரத்தில் நாலைந்து பேர் காய்ச்சலென்று வராவிட்டால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போகவேண்டும். அதற்குச் சுகாதார ஆய்வாளரின் எண்ணும் கிராம சுகாதார செவிலியரின் எண்ணும் தலைமையாசிரியர் அறைச் சுவரில் இருக்கவேண்டும்.

வாசலில் வெப்பமானியைக் காட்டிவிட்டால் போதும் என்று நம்புவது இன்னொன்று. காய்ச்சல் தொடங்கும் முன்பே கொரோனா பரவியது. ஜன்னல்கள் திறக்கின்றனவா, கை கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா, பக்கத்தில் சோப்பு இருக்கிறதா என்பதுதான் தினமும் பார்க்கவேண்டியது.

அப்புறம் பெற்றோரிடம் பேசும் விதம். சுற்றறிக்கையைப் படித்துக் காட்டிவிட்டுப் போவதால் பயம் போகாது. தெரிந்ததைத் தெரியும் என்றும், இன்னும் தெரியாததைத் தெரியாது என்றும் நேராகச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தை வாட்ஸ்அப் வதந்தி பிடித்துக்கொள்ளும். அங்கன்வாடிப் பணியாளரும் செவிலியரும் வீடு வீடாகப் போகிறவர்கள், அவர்கள் சொன்னால் ஊர் கேட்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வருடத்தில் ஒரு தடவையாவது செவிலியரை அழைத்து, திட்டத்தை வரிவரியாக வாசித்து, எது நடக்காது என்று பெற்றோரையே சொல்லச் சொல்லுங்கள்.