வாடகைக்கு எடுக்குமுன் இரண்டு பட்டியலையும் பாருங்கள்

சிங்கப்பூரில் தரைவீடோ தரைத்தளக் கடையோ பார்க்கும்போது, அந்தச் சாலையின் பெயரை தேசியத் தண்ணீர் அமைப்பான பியுபி வெளியிடும் இரண்டு வெள்ளப் பட்டியல்களிலும் தேடுங்கள். ஒன்றில் இருப்பவை தாழ்வான, முன்பே வெள்ளம் கண்ட இடங்கள். மற்றதில் இருப்பவை தாழ்வாக இல்லாமலே திடீர் வெள்ளம் கண்டவை. பலர் முதலாவதோடு நிறுத்திவிடுவார்கள்; மேட்டு நிலம்தானே என்று ஏமாறுவது அங்கேதான்.

பெயர் இல்லையென்றாலும் வாசற்படி சாலைமட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதா, சுவரின் அடியில் நேர்கோடாகக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் மட்டும் புதுச் சாயம் என்றால் காரணம் கேளுங்கள்.

வாசல் வடிகாலில் இலை அடைத்துத் தண்ணீர் ஏறுவதைப் பட்டியல் சொல்லாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மாடிவீடுகளுக்கு இந்தத் தேடல் தேவையில்லை, அடித்தளத்தில் கார் நிறுத்துகிறவர்களைத் தவிர.