சின்ன ஓ, பெரிய ஓ

டர்பன் சாட்ஸ்வர்த்தில் வீட்டிலிருந்தே வேலை. நாங்கள் எழுதிவரும் சின்ன கம்பைலரில் (மூலக்கோப்பிலுள்ள நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்), கட்டளைவரி ஆப்ஷன்களை ஒவ்வொன்றாகப் படிக்கும் லூப்புக்குள், எத்தனையாவது சொல் என்று எண்ணும் ஐ-யைக் கூட்டும் ஒரு வரி. அதன் பக்கத்தில் 'ஐ-யில் ஒன்றைக் கூட்டு' என்று ஒரு கமெண்ட். நான் எழுதியதுதான். கோடே சொல்லும் சேதி அது. எதற்குக் கூட்டுகிறோம் என்பது இல்லை.

புதிதாகச் சேர்ந்த தம்பி, "அண்ணா, லூப் தலையிலயே கூட்டுதே, இது எதுக்கு ரெண்டாவது தடவை?" என்று மெசேஜ் அனுப்பினான். நான் பதில் போடுவதற்குள் இங்கே மின்வெட்டு. அந்த வரியை அவனே நீக்கிவிட்டான். மறுநாள் வெளியீட்டுக் கோப்பின் பெயரை மூலக்கோப்பு என்று நினைத்துத் திறக்கப் பார்த்தது கம்பைலர்.

வெளியீட்டுக் கோப்பின் பெயரைச் சொல்லும் ஆப்ஷன்தான் சின்ன ஓ (-o). வரியைத் திரும்பப் போட்டுவிட்டுக் கமெண்டை மாற்றினேன்: 'சின்ன ஓ-வுக்குப் பின் கோப்பின் பெயர் ஒட்டியும் வரலாம், தனியாகவும் வரலாம். தனியாக வந்தால் இங்கேயே தாண்ட வேண்டும். இல்லையேல் அடுத்த சுற்று அதை மூலக்கோப்பாக எடுத்துக்கொள்ளும்.'

பக்கத்திலேயே பெரிய ஓ (-O), நிரலை எவ்வளவு மெருகேற்ற வேண்டும் என்ற ஆப்டிமைசேஷன் அளவு. ஓ1, ஓ2 இரண்டையும் கொடுத்தால் ஜிசிசி என்ற பிரபல கம்பைலர் கடைசியில் வந்ததையே எடுக்கும், நாங்களும் அப்படியே. 'முந்தைய மதிப்பை அழிப்பது வேண்டுமென்றே செய்தது' என்று அங்கும் ஒரு வரி சேர்த்தேன். போனில் பேசினால் இரண்டு ஓ-வும் ஒரே சத்தம்தான், அது தனித் தொல்லை.