பந்தய வீரர் அணி இயக்குநராவது எப்படி: சிரில் கிமார் காட்டும் வழி

சாலைச் சைக்கிள் பந்தயத்தில் ஓய்வை நெருங்கும் வீரர் அணியை நடத்த விரும்பினால், தமக்கு எந்தப் பொறுப்பு பொருந்தும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். விளம்பர நிறுவனங்களிடம் பணம் திரட்டுவதும் ஒப்பந்தங்கள் போடுவதும் பொது மேலாளரின் வேலை. வீரர்களின் பின்னே காரில் சென்று பந்தயத்தை வழிநடத்துபவர் விளையாட்டு இயக்குநர். சர்வதேச சைக்கிள் சங்கம் இயக்குநர்களுக்கெனப் பயிற்சி வகுப்பு நடத்துகிறது. அதை முடித்துவிடுவது நல்லது. ஆனால் வகுப்பில் கிடைக்காத பாடங்களுக்கு பிரான்சின் சிரில் கிமாரைத்தான் படிக்க வேண்டும் என்பேன்.

1972இல், பல நாள் கட்டங்களாக நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், முன்னிலை வகிப்பவருக்கான மஞ்சள் சட்டை அணிந்து பெல்ஜிய வீரர் எட்டி மெர்க்ஸுடன் மல்லுக்கட்டிய கிமார், முழங்கால் வலியால் பாதியில் விலக நேர்ந்தது. 1976இல், 29 வயதில், அவர் ஜித்தான் அணியின் இயக்குநரானார். அவருடைய முதன்மை வீரர் லூசியன் வான் இம்பே அவரைவிடச் சில மாதங்கள் மூத்தவர். டூரில் மலைச்சாலைகளில் சிறந்து ஏறுபவருக்குத் தரும் சட்டையே போதும் என்று நிறைவடையக்கூடியவர். அந்த ஆண்டு டூரில், பிளா தாதே மலையில் முடியும் கட்டத்தில், இறுதி ஏற்றத்துக்கு வெகு முன்னரே வேகமெடுத்து மற்றவர்களை விட்டுப் பிரிந்து செல்லும்படி கிமார் கட்டளையிட்டார். காதில் வானொலி இல்லாத காலம் என்பதால், தயங்கிய வீரரின் அருகில் காரைக் கொண்டுபோய் வற்புறுத்த வேண்டியிருந்தது. போட்டியாளர் யோப் சூடமெல்க்கை மூன்று நிமிடங்களுக்கும் மேல் பின்தள்ளிய வான் இம்பே, அந்த டூரையே வென்றார். ஆகவே வயதையும் பழைய நட்பையும் ஒதுக்கிவைத்துக் கட்டளையிடப் பழகுங்கள். அதற்கு முன், எதிராளி எப்போது துரத்தத் தயங்குவார் என்பதைக் கணித்து வைத்திருங்கள்.

வீரரைத் தடுத்து நிறுத்துவது இதைவிடக் கடினம். 1977இல் லியேஜ்-பாஸ்தோன்-லியேஜ், தோஃபினே ஆகிய பந்தயங்களை வென்ற தம் அணி வீரர் பெர்னார் ஈனோவை, இன்னும் காலம் கனியவில்லை என்று கருதி, கிமார் டூருக்கு அனுப்பவில்லை. மறு ஆண்டு முதன்முறையாகப் பங்கேற்ற டூரிலேயே ஈனோ வென்றார். விளம்பரதாரர் அவசரப்படுத்தும்போது மறுத்துச் சொல்லும் துணிவு இயக்குநருக்கு வேண்டும்.

நட்சத்திர வீரர் ஒருவரை மட்டும் நம்பி அணியைக் கட்டாதீர்கள். 1983இல் ஈனோ முழங்கால் காயத்தால் வராதபோது, அதே அணியின் 22 வயது லோரான் ஃபின்யோன் டூரை வென்றார். கிமாருடன் முரண்பட்ட ஈனோ வேறு அணிக்குப் போய்விட, 1984 டூரில் ஃபின்யோன் அவரையே பத்து நிமிடங்களுக்கும் மேலான வித்தியாசத்தில் தோற்கடித்தார்.